பவுன் கொடுக்காத மன்னிப்பு

விஷ்ராந்த்வாடி, புனே
28 ஜூன் 2025

என் ஸ்டெல்லாவுக்கு,

சேவியர் அண்ணன் காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை சோபாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாரா? உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. எந்தத் துணியும் காயவில்லை. யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி நான் கத்தப் போகிறேன், கேட்டுக்கொள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் போட்ட ஒவ்வொரு வரியையும் ஆஸ்பத்திரியில் படம் பிடித்து ஃபைலில் வைத்திருக்கிறார்கள். "இனிமே யாருக்கும் எதுவும் டைப் பண்ணாதீங்க சிஸ்டர்" என்று வக்கீல் சொல்லிவிட்டார். தமிழில் கையால் எழுதினால் தொல்லையே இல்லை. மகர்பட்டாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் என் பிள்ளை அபினவுக்குக்கூடப் படிக்கத் தெரியாது. கடிதம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கலாம். எழுத்துப்பிழை இருந்தால் என்னைச் சொல்லாதே. மராத்திப் பள்ளியில் படித்தவளுக்கு ஹாஸ்டல் கட்டிலில் உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நீ. என் கையெழுத்தைக்கூட நீதானே ஒரு தாளில் போட்டுக்காட்டினாய். பாங்கு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இன்றுவரை அதே கையெழுத்துதான்.

நடந்தது இது. இருபதாம் தேதி ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகிற பால்கி ஊர்வலம் வந்தது. வார்கரி பக்தர்கள் நடந்துவருகிற ஆளந்தி ரோட்டில் நம் ஆஸ்பத்திரி ஒரு பந்தல் போட்டது. கால் கொப்புளத்துக்கு இலவச மருந்து, பெரிய பேனர், டிரஸ்டிகளோடு போட்டோ. அதற்கு வார்டுகளிலிருந்து பத்து நர்ஸுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நடந்துவருகிறவர்களுக்குச் செய்ய வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் படுத்துக்கிடக்கிறவனை யார் பார்ப்பது? என்னையும் பந்தலுக்கு அனுப்பினார்கள். என் வார்டில் இருபத்தாறு நோயாளிகள், நீலா ஒருத்தி. பன்னிரண்டு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிற பெண். மத்தியானம் அவள் ஒருவருக்கு மூச்சுத்திணறலென்று ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தில் மறுகோடியில் ஒரு ஆஜோபா, எழுபத்தெட்டு வயதுத் தாத்தா, தானே எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்து, விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்ததும் ரிப்போர்ட் புக்கில் உள்ளது உள்ளபடி எழுதினேன். எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், மற்றவர்கள் எங்கே போனார்கள், யார் உத்தரவில் போனார்கள், எல்லாம். மறுநாள் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேடம் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு பக்கம் எழுதச் சொன்னார். நீலா கட்டில் தடுப்பை ஏற்றாமல் விட்டதால் விழுந்தார் என்று எழுத வேண்டுமாம். முடியாது என்றேன். அதற்குள் அந்தப் பக்கத்தின் படம் ஆஜோபாவின் மகன் கைக்குப் போய்விட்டது. நான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

இப்போது எனக்கு நோட்டீஸ். நான் எழுதியது பொய், நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதித்தர வேண்டும். தராவிட்டால் ஜூலை 22 விசாரணை. வேலை போகும், நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதுவார்கள். எழுதித்தந்தால் என் வேலை நிற்கும், நீலாவின் வேலை போகும். கணக்கு அவ்வளவுதான்.

யாரிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள் பார். தொண்ணூற்றாறில் இதே வளாகத்து ஹாஸ்டலில், நம் பேட்ச் ஸ்ரீரஞ்சனியை நூற்றிமூன்று டிகிரி காய்ச்சலோடு டியூட்டிக்கு அனுப்பிய மேட்ரனை எதிர்த்து முப்பது பெண்களோடு படியில் உட்கார்ந்தவள் நான். முன்னால் நின்றவள் என்று என்னிடம்தான் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், தராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். ஒன்பது நாள் தரவில்லை. பத்தாம் நாள் அவர்களாகவே ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருபத்தொன்றாவது வயதில் அவ்வளவு திமிர் இருந்தவள் ஐம்பதில் போய் மடங்குவேனா? அந்த ஒன்பது நாளைப் பற்றி என் வார்டுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன். நீலா அதை என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நோட்டீஸுக்கு இங்கிலீஷில் நல்ல சூடான பதில் ஒன்று எழுதி அனுப்பு. ட்ரெயினிங்கில் என் கேஸ் ஸ்டடி முழுவதும் எழுதித்தந்தவள் நீ. இது உனக்கு ஒரு பக்க வேலை.

உன்,
பவுன்

*

நாகர்கோவில்
4 ஜூலை 2025

அன்புள்ள பவுனுக்கு,

ஸ்தோத்திரம். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை இல்லை. கடிதம் வந்ததென்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே யுத்தம். உறையைப் பார்த்ததுமே அத்தான், "பவுனு யாரையோ அடிச்சிருக்கு" என்றார். அவர் நடப்பதில்லை. தெருமுனை டீக்கடை வரைக்கும் போவதை நடையென்று சொல்லிக்கொள்கிறார்.

ஆஜோபாவுக்காக ஜெபித்தேன். நீலாவுக்காகவும். நீ எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்னை ஏசும்போது இந்த வரியை மறந்துவிடாதே.

ஆனால் பவுனு, நான் பதினாறு வருஷமாக நர்சிங் பள்ளியில் வேலை பார்க்கிறேன், இப்போது வைஸ் பிரின்சிபால். மேலே இருப்பவர்களுக்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விட்டால் அவர்கள் கோபமும் அதோடு போய்விடும். பிறகு அதை யாரும் படிக்க மாட்டார்கள். உனக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. உன் வீட்டுக்கார அண்ணனும் ரிடையராகிவிட்டார். கவுன்சிலுக்குப் புகார் போய் உன் பதிவை ரத்து செய்தால் ஒரு சின்ன கிளினிக்கில்கூட ஊசி போட முடியாது. ஊசி போடாமல் உன்னால் ஒரு வாரம் இருக்க முடியுமா? என் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் என் மாமியாருக்குப் பிரஷர் பார்த்தவள் நீ.

நீலாவுக்கு நான் பொறுப்பு. மதுரையிலும் திருநெல்வேலியிலும் எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. புனேயிலேயே வேண்டுமென்றாலும் நம் பேட்ச் பெண்கள் நாலு பேர் பெரிய இடத்தில் இருக்கிறார்கள், பேசுகிறேன். அவளுக்கு வயது முப்பத்தாறு. வேலை கிடைத்துவிடும். உனக்குக் கிடைக்காது.

நீ கேட்டபடி ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சூடாக எழுதவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பொறுத்திருந்து, அப்புறம் கையெழுத்துப் போடு. பொறு என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். என்னமோ சொல்கிறேன்.

உன் நலத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாத,
ஸ்டெல்லா

*

விஷ்ராந்த்வாடி
9 ஜூலை 2025

வைஸ் பிரின்சிபால் ஸ்டெல்லா அம்மையாருக்கு,

உங்கள் மன்னிப்புக் கடித மாதிரி கிடைத்தது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கவில்லை. நமக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, தப்பாக எழுதியதை ஒரே கோடாக அடித்து, அடித்தது யார் என்று தெரியும்படி பக்கத்தில் என் பெயரும் தேதியும் போட்டிருக்கிறேன். கீழே இருக்கிற எழுத்து இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது. படித்துப் பாருங்கள், யார் எழுதியது என்று உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

நீ, நான் என்று பேசினால்தான் கோபம் ஒழுங்காக வருகிறது. ஸ்டெல்லா, நீயா இது? நம் அறையில் கொசுவலை கட்டுகிற கம்பியில் கறுப்புத் துணி கட்டியவள் நீ. இன்றைக்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு தாள் வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். உன் ஆபீஸ் அலமாரியில் எத்தனை பெண்களின் மன்னிப்புக் கடிதம் இருக்கிறது? லேட்டாக வந்தவள், போனில் பேசியவள், மெஸ் சாப்பாட்டில் புழு இருக்கிறது என்று சொன்னவள், எல்லோரிடமும் வாங்கி அடுக்கிவைத்திருப்பாய். மேட்ரன் செத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். நாகர்கோவிலில் நன்றாகத்தான் இருக்கிறார் போல.

நீலாவுக்கு வேறு வேலை வாங்கித் தருகிறாயா? அவள் கவனக்குறைவால் ஒரு கிழவரின் இடுப்பு உடைந்தது என்று எழுதிக்கொடுத்த பிறகு, அந்தக் காகிதத்தோடு எந்த ஆஸ்பத்திரியில் போய் நிற்பாள்? அவள் இரண்டு நாளாக வார்டில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நேற்று என்னிடம் வந்து, "சிஸ்டர், நீங்க எழுதிக் குடுத்துடுங்க. என்னால உங்க வேலை போக வேணாம்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே திட்டிவிட்டேன். அவளாவது எனக்காகச் சொன்னாள். நீயும் எனக்காகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நீ என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். என்னை யாரென்று தெரிந்தும் சொன்னாய்.

இவரும் முதலில் பயந்தார். அப்புறம், "ஹாஸ்டல்ல ஒன்பது நாள் நின்னவ, இதையும் பார்த்துக்குவா" என்று அபினவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டின புருஷனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது. அன்றைக்கு ஒரு மேட்ரனையே பணியவைத்தேன். இவர்கள் எம்மாத்திரம்?

பதிலை நானே எழுதிக்கொள்கிறேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் என்னுடையதாக இருக்கும்.

பவுன்

*

நாகர்கோவில்
14 ஜூலை 2025

பவுனுக்கு,

என் அலமாரியில் நாற்பத்தொரு மன்னிப்புக் கடிதங்கள் இருக்கின்றன. நீ கேட்டதால் எண்ணிப் பார்த்தேன்.

உன்னுடையது அதில் இல்லை. அது புனேயில், உன் ஆஸ்பத்திரியில், உன் பெயர் போட்ட ஃபைலில் இருக்கிறது. 1996 மார்ச் மாதத்தில் நான்தான் அதை எழுதினேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன்.

இதைச் சொல்லாமலே செத்துப்போவதாக இருந்தேன். நீ சொல்லவைத்துவிட்டாய். முழுவதையும் படி, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

ஒன்பதாம் நாள் உன் அப்பா வந்தார். உன் வீடு காட்கியில், பக்கத்திலேயே இருந்தும், பயிற்சிப் பெண்கள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டுமென்ற சட்டத்தால் அவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அன்றைக்கு ஆம்யுனிஷன் ஃபாக்டரி உடுப்போடு, சைக்கிளில், ஷிஃப்டுக்கு நடுவில் வந்திருந்தார். நீ மற்றவர்களோடு படியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாய். அவர் பின்பக்கமாக வந்தார். மேட்ரன் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வார்டுத் துணிகளின் லினன் கணக்கு எழுதுவதற்காக நான் பக்கத்து அறையில் இருந்தேன். அவர் இந்தியில் கெஞ்சியதை நான் கேட்டேன். என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். ஒரு தகப்பன் மகளுக்காகச் சொன்னது, அது உனக்குத் தெரிய வேண்டியதில்லை. "அப்பா கேட்டால் போதாது, பெண் எழுதித்தர வேண்டும்" என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "அவகிட்ட சொல்லாதம்மா. நான் வந்தது தெரிஞ்சா இன்னும் முறுக்கிக்குவா" என்றார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உன்னைப் பார்க்காமலே போனார்.

லினன் அறையிலேயே உட்கார்ந்து ஐந்து வரி எழுதினேன். கீழே தமிழில் பவுன் என்று போட்டேன். நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்துதானே, ஒரே தடவையில் சரியாக வந்தது. மேட்ரன் வாங்கிப் பார்த்துவிட்டு, "அவள் எழுதியதா?" என்றார். ஆமாம் என்றேன். தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஃபைலில் வைத்தார். "நாளைக்கு ஹால் டிக்கெட் வரும். பெண்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்றார்.

மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸைச் சுற்றி வந்தார்களே, உன் இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

நீ ஜெயிக்கவில்லை பவுனு. யாரும் உன்னிடம் பணியவில்லை. ஒரு தாளைக் கொடுத்து உன்னை நர்ஸ் ஆக்கினேன். இருபத்தொன்பது வருஷமாக நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். நடக்காத ஒரு வெற்றியை நம்பி இன்றைக்கு இருக்கிற வேலையையும் விடப் போகிறாய் என்பதால் சொல்கிறேன்.

இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. உன் பெயரைத் திருடியது தப்பு. தெரிந்தே செய்தேன். அதே படியில் நீ மறுபடி உட்கார்ந்தால், உன் அப்பா மறுபடி செருப்பைக் கழற்றினால், மறுபடியும் எழுதுவேன். உனக்கு மட்டும்தான் பிடிவாதம் உண்டு என்று நினைக்காதே.

ஸ்டெல்லா

*

நாகர்கோவில்
20 ஜூலை 2025

பவுனு,

கடிதம் பதினேழாம் தேதியே உனக்குக் கிடைத்துவிட்டதாக ஸ்பீடு போஸ்ட்டில் காட்டுகிறது. எட்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்கார அண்ணனைக் கூப்பிட்டால், "இருக்கிறாம்மா, சாப்பிடுறா, பேசத்தான் மாட்டேங்குறா" என்கிறார்.

நாளை மறுநாள் விசாரணை. இது அதற்குள் உன் கைக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் பெயர் உனக்குத் திரும்ப வேண்டுமானால் தருகிறேன். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான், கையெழுத்து என்னுடையது, பவுனுக்கு எதுவும் தெரியாது என்று என் பள்ளியின் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் உன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். கள்ளக் கையெழுத்துப் போட்டவளை வைஸ் பிரின்சிபாலாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். அத்தானிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மட்டும் உண்மையாகவே நடக்கப் போனார், வடசேரி வரைக்கும்.

சண்டை போடு. ஏசு. ஆனால் பேசாமல் இருக்காதே. அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்டெல்லா

*

விஷ்ராந்த்வாடி
24 ஜூலை 2025

ஸ்டெல்லாவுக்கு,

உன் இருபதாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. அதற்கு முந்தைய கடிதம் வந்ததிலிருந்து நாலு நாள் நான் யாரோடும் பேசவில்லை. அதில் மூன்று நாள் உன்னைத் திட்டினேன். மனசுக்குள் திட்டி அலுத்துப்போய், பால்கனியில் வாய்விட்டே திட்டினேன். எதிர்வீட்டு மராத்திக்காரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

நாலாவது நாள் அப்பா ஞாபகம் வந்தது. சாகும்வரை அவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. என் முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கிக்கொடுத்தபோதுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அழுதேன். ஐந்தாவது நாள் இவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்போ நீ நின்னது பொய்யா?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலை போவதைப் பற்றிய பயமெல்லாம் அதற்கு அப்புறம்தான். எதை வைத்து நான் நான் என்று நினைத்திருந்தேனோ, அது இல்லையென்றால் விசாரணைக்கு யார் போவது?

எப்படியோ போனேன். போகாமலிருந்தால் நீலா தனியாக நிற்பாள்.

நீள மேஜை. சூப்பரின்டென்டன்ட் மேடம், ஆபீஸ்காரர் ஒருவர், டிரஸ்ட் வக்கீல், அவருக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்டி. சாட்சியென்று நீலாவையும் என் வார்டுப் பெண்கள் மூன்று பேரையும் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மன்னிப்புக் கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனாவைக்கூட மூடி திறந்து வைத்திருந்தார்கள்.

மாட்டேன் என்று சொன்னேன். குரல் பெரிதாக வரவில்லை. நீ எழுதியது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மேடம் ஒரு பழைய ஃபைலைத் திறந்தார். பழுப்பேறிய தாளை எடுத்து மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "முன்னாடி எழுதிக் குடுத்திருக்கீங்களே சிஸ்டர். ட்ரெயினிங்ல இருக்கும்போதே. இது உங்க கையெழுத்துதானே?" என்று மராத்தியில் கேட்டார். நீலா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். நாலு பேருக்கும் என் ஒன்பது நாள் கதை மனப்பாடம்.

உன் பதினாலாம் தேதிக் கடிதம் மட்டும் வந்திருக்காவிட்டால் நான் அந்த இடத்திலேயே கள்ளக் கையெழுத்து என்று கத்தியிருப்பேன், போலீஸைக் கூப்பிடு என்றிருப்பேன். தெரிந்திருந்ததால் தாளை எடுத்துப் படித்தேன். ஐந்து வரி. மேட்ரனுக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன், படியில் உட்கார்ந்ததற்கு வருந்துகிறேன், தேர்வு எழுத அனுமதியுங்கள். அவ்வளவுதான். இரண்டாம் தடவையும் படித்தேன். ஸ்ரீரஞ்சனிக்குக் காய்ச்சல் இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை. நான் சொன்னது பொய் என்று எழுதவில்லை. லினன் அறையில் அவசர அவசரமாக, என் பெயரில், ஒரு பொய்கூட இல்லாமல் எழுதியிருக்கிறாய். பாவி, உன்னை என்ன செய்வது?

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. என் பெயர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிடும், நீலாவின் கண்ணில் நான் பழைய பவுனாகவே இருப்பேன். அப்புறம் இதை யார் எழுதியது என்று கேட்பார்கள். உன் பெயர் அந்த மேஜைக்கு வரும்.

"ஆமா. என் கையெழுத்துதான்" என்றேன்.

சுவரோரம் நீலா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தபோது வலித்தது, ஸ்டெல்லா. உன்னிடம் மறைக்க மாட்டேன், நன்றாகவே வலித்தது.

வக்கீலுக்குச் சந்தோஷம். "அப்போ இப்போ ஏன் முடியாது?" என்றார்.

"ஒரு ஜென்மத்துக்கு ஒண்ணு போதும் சார். அதைத் தந்தாச்சு. அதுல நான் பொய் எழுதலை, படிச்சுப் பாருங்க. இதுல பொய் எழுதச் சொல்றீங்க. என்கிட்ட ரெண்டாவது கிடையாது" என்றேன். குரல் இப்போது ஒழுங்காக வந்தது. வராண்டா வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

அடுத்து நீலாவைக் கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் வந்து, இருபத்தாறு நோயாளிகள், நான் ஒருத்தி, மற்றவர்கள் பந்தலில் இருந்தார்கள், சிஸ்டர் எழுதியது சரி என்று சொல்லி, கேட்காமலே ஒரு தாளை இழுத்து எழுதி, கையெழுத்தும் போட்டாள். அந்த மூன்று பெண்களும் அதன் கீழே போட்டார்கள். ஆபீஸ்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து நீலா என்னைக் கேட்டாள், "ஒன்பது நாள்னு சொன்னீங்களே சிஸ்டர்?" என்று. "சொன்னேன். அப்போ என்னால முடியாததை இன்னிக்கு நீ பண்ணிட்டே" என்றேன். நம்பினாளோ என்னவோ. என் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தாள்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. எனக்கு டிஸ்மிஸ், கவுன்சிலுக்குப் புகார். நீலாவை இப்போதைக்குத் தொடவில்லை. நாலு பேர் கையெழுத்தை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆஜோபாவின் மகன் வக்கீல் வைத்திருக்கிறார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், வருகிறேன் என்றேன். நானும் லேபர் கோர்ட்டுக்குப் போகிறேன். அபினவ் பயந்துபோயிருக்கிறான். இவர் பழைய உத்தரவு, நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். ரிடையர் ஆன பிறகு அவர் முகத்தில் இவ்வளவு களையை நான் பார்த்ததில்லை.

பயம் இருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் இவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். அன்றைக்கு நான் நின்றதும் நிஜம்தான், என்னைத் தாங்கினது வேறு ஆள் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தத் தடவை யாரும் தாங்கவில்லை. நின்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் தரவில்லை, அப்படியே இருக்கட்டும். அடுத்த மாதம் நாகர்கோவில் வருகிறேன். எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே. பத்து நாள் உன் வீட்டில் இருந்து நேரிலேயே சண்டை போடுவேன். மத்தி மீன் குழம்பு வை. அந்த நாற்பத்தொரு கடிதங்களையும் நான் வருவதற்குள் உரிய பெண்களிடம் திருப்பிக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் அதற்கும் சேர்த்துச் சண்டை.

உறையில் வைத்திருக்கிறாயே, லெட்டர்ஹெட் தாள், அதை இன்றைக்கே கொளுத்திப் போடு. என் பெயரை எனக்குத் திருப்பித் தர நீ யார்? அது என் கையெழுத்து என்று இத்தனை பேர் முன்னால் நான் சொல்லியாகிவிட்டது. இனிமேல் யாராவது வந்து அது தன்னுடையது என்று சொன்னால், அவள்தான் பொய்க்காரி.

பவுன்